இருபுறமும் தேய்ந்த பொத்தான்

பொத்தான்களைப் பற்றி என்னிடம் பேச்சுக் கொடுப்பவர்கள் பாவம். "இது என்ன, சட்டைப் பொத்தானா?" என்று தெரியாத்தனமாக ஒருவர் கேட்டுவிட்டால் போதும், அவருடைய பஸ் போய்விடும். ஹட்டனில் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழைய பட்டாளத்து உடுப்புப் பொத்தான்களைச் சேர்ப்பது என் பைத்தியம். வீட்டில் நானூறுக்கு மேல் இருக்கின்றன. பஜாரில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர், எங்கோ பூட்டிக்கிடந்த பங்களாவிலிருந்து வந்த, பொத்தான் நிறைந்த ஜாம் போத்தல் ஒன்றை என் முன்னால் கவிழ்த்த நாளில் இது பிடித்தது. இன்னும் விடவில்லை.

சேர்ப்பவனுக்குச் சேர்ப்பதைவிட, எது அசல் எது போலி என்று சொல்வதில்தான் போதை. சொல்லும்போது சுற்றி நிற்கிறவர்கள் வாயைப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காக எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் படிக்கலாம். நான் படித்தேன்.

சொல்வது அப்படியொன்றும் பெரிய வித்தையும் இல்லை. அசல் பித்தளைப் பொத்தான் இரண்டு தகடு. சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் உள்ள முன்தகட்டை அச்சில் அடித்து, பின்தகட்டை அதற்குள் வைத்து, விளிம்பைப் பின்பக்கமாகச் சுற்றி மடித்திருப்பார்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதால் கனம் குறைவு. போலி என்பது அசலைக் களிமண்ணில் அமுக்கி அச்செடுத்து உருக்கி ஊற்றியது. ஒரே கட்டியாக இருக்கும், கையில் கனக்கும், சிங்கத்தின் பிடரி மயிர் மழுங்கிப் பூனைபோல் ஆகியிருக்கும். ஆகவே விளிம்பைப் பார்க்க வேண்டும், நிறுத்துப் பார்க்க வேண்டும், முதுகைப் பார்க்க வேண்டும். மூன்றையும் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது.

முதுகுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. பட்டாளத்துக்காரன் தினமும் பொத்தானைத் தேய்ப்பான். துணியில் மெருகு மருந்து படாமலிருக்க, நடுவில் பிளவுள்ள ஒரு தகட்டைப் பொத்தானுக்கு அடியில் செருகிக்கொண்டு தேய்ப்பான். அதனால் முன்பக்கம் தேயும், பின்பக்கம் தேயாது. செய்தவனின் பெயர் பின்பக்கத்தில் நூறு வருடம் கழித்தும் படிக்கலாம். முன்னும் பின்னும் ஒரே மாதிரி மழுங்கியிருந்தால் அது ஊற்றிய சாமான். சீமைப் புத்தகங்களில் இப்படித்தான் இருக்கிறது. நான் அதை வேதம்போல் ஒப்பித்துக்கொண்டு திரிந்தேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லத் தைரியம் வராது. நான் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். அம்மா கொழுந்து எடுத்தாள், அப்பா மலையில் வேலை செய்தார். இந்த இரண்டு வாக்கியத்தை எழுத எனக்கு அறுபத்து நான்கு வயது ஆக வேண்டியிருந்தது. பொத்தான் மூலமாகப் பழக்கமான கொழும்புக்காரர் ஒருவர் இருக்கிறார். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல தமிழும் அதைவிட நல்ல ஆங்கிலமும் பேசுவார். அவரிடம் "அப்பா தேயிலைத் துறையில் இருந்தார்" என்று சொல்லி வைத்திருந்தேன். அது பொய்யில்லை. உரமூட்டை சுமந்தார்.

போன வருடம் ஆவணியில், தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர் என்னைத் தேடி வந்தார். வெள்ளைக்காரன் காலத்து இரண்டாவது உலக யுத்தத்துக்கு அந்தத் தோட்டத்திலிருந்து போனவர்களின் பெயர்களைக் கலாசார மண்டபத்துச் சுவரில் எழுதப் போகிறார்களாம். எங்கப்பா போனார், எங்க பெரியப்பா போனார் என்று நிறையப் பேர் சொல்கிறார்களாம். ஆதாரம் இருப்பவர்களின் பெயரை மட்டும் எழுதுவதென்று கமிட்டியில் முடிவாகியிருந்தது. கடதாசி, பதக்கம், பொத்தான் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் கொண்டுவருவார்கள், நான் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

"நீங்க சொன்னா அதுக்கு மேல பேச்சு இல்ல சேர்" என்றார் தலைவர். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கொழும்பு நண்பரையும் வரச்சொல்லி அழைத்துப் போனேன். கோட்டுப் போட்டுக்கொண்டேன். பையில் பூதக்கண்ணாடியும் நகைக்கடைத் தராசும் எடுத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் எனக்கு மேசை போட்டு வெள்ளை விரித்திருந்தார்கள். நாற்பது ஐம்பது பேர் சுற்றி நின்றார்கள். பதினொரு குடும்பங்கள் கொண்டுவந்தவற்றைப் பார்த்தேன். அவசரப்படாமல், கண்ணாடி வைத்து, தராசில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பிரசங்கமும் செய்து, எல்லாம் அசல் என்று சொன்னேன். கைதட்டினார்கள். கொழும்பு நண்பர் பக்கத்து நாற்காலியில் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாவதாக ஒரு வயதான பெண் வந்தார். எழுபத்தைந்துக்கு மேலிருக்கும். சேலை முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு முகமெல்லாம் சிரிப்பானார்.

"தம்பி, நீங்க லிந்துலதானே? ஒங்கம்மா மொகம் அப்படியே இருக்கு! மேட்டு லயம், கடைசிக் காம்பரா! நான் அங்கதான் கல்யாணம் கட்டிப் போயி ஆறேழு வருசம் இருந்தேன். ஒங்கம்மாவும் நானும் ஒரே நிரையில கொழுந்து எடுத்தவங்க. பிள்ளக் காம்பராவுல ஒங்கள விட்டுட்டுப் போனா, மூக்க ஒழுக்கிக்கிட்டு மலை வரைக்கும் ஓடி வருவீங்க. அம்மா கூடையில ஒங்களயும் சேத்து தூக்கிக்கிட்டு வருவாங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை அது. நம்ம ஆளா இவர் என்ற சந்தோசச் சிரிப்பு. இன்றைக்கு அது விளங்குகிறது. அன்றைக்கு என் காது இரண்டும் சூடேறிப்போயின. கொழும்பு நண்பர் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஓ" என்றார். அந்த ஒற்றை எழுத்து என்னைக் கொன்றது.

"சாமானக் காட்டுங்கம்மா" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் பொத்தானை என் உள்ளங்கையில் வைத்தார். "எங்கப்பாவோடதுங்க. எகிப்துக்குப் போயி பட்டாளத்துக்கு ரோடு வெட்டுனாரு. திரும்பி வரயில ஒரு பனிக்கோட்டு கொண்டாந்தாரு. அது நைஞ்சு போச்சு, இது ஒண்ணுதான் மிச்சம். கடதாசியெல்லாம் லயம் ஒழுகி ஊறிப் போச்சுன்னு சொல்வாரு. ஒருத்தரும் நம்ப மாட்டாங்க தம்பி. 'பொத்தான் பட்டாளம்'னுதான் அவருக்குப் பேரு. சாகுற வரைக்கும் அந்தப் பேருதான். எங்களயும் அப்படித்தான் கூப்புடுவாங்க, பொத்தான் பட்டாளத்து மக, பொத்தான் பட்டாளத்துப் பேரன்னு. அவரு சொந்தப் பேரு இந்தச் செவத்துல வந்துருச்சுன்னா போதும்."

நான் பொத்தானைப் புரட்டினேன். முன்பக்கம் வழவழவென்று இருந்தது, சிங்கம் இருந்த இடம்கூடச் சரியாகத் தெரியவில்லை. பின்பக்கமும் அப்படியே. ஒரு எழுத்து இல்லை. விளிம்பை ஒட்டிச் சிவப்பாக ஏதோ அழுக்கு ஒரு வட்டமாகப் படிந்திருந்தது. பூதக்கண்ணாடியைக் கையில் எடுக்கவில்லை. தராசு மேசைமேல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பொத்தானை அதில் வைக்க ஒரு நொடி போதும். வைக்கவில்லை. இந்தப் பெண் என் முன்னாலிருந்து போனால் போதும் என்றிருந்தது. இன்னும் ஒரு நிமிடம் நின்றால் என் அப்பாவின் கதையையும் எடுத்துவிடுவாரோ என்ற பயம்.

"இது அசல் இல்லம்மா" என்றேன். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மழுங்கியிருக்கு பாருங்க. இது ஊத்துன சாமான். எங்கயாச்சும் கடையில வாங்கியிருப்பாரு."

பின்னாலிருந்து யாரோ, "அப்ப பொத்தான் பட்டாளம்னு சொன்னது சரிதான்!" என்றார்கள். இந்த முறை வந்தது கேலிச் சிரிப்பு. தலைவர் அதட்டினார், அடங்கவில்லை.

அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கையை நீட்டிப் பொத்தானை வாங்கிக்கொண்டார். "அப்படிங்களா ஐயா" என்றார். வரும்போது தம்பி, போகும்போது ஐயா. திரும்பவும் முந்தானையில் முடிந்துகொண்டு கூட்டத்தை விலக்கி நடந்தார். என் அம்மாவை அறிந்தவர் என்று உயிரோடிருக்கும் ஒருவரை அப்படித்தான் அனுப்பி வைத்தேன்.

திரும்பி வரும் வழியில், காரை ஓட்டிக்கொண்டே கொழும்பு நண்பர், "லிந்துலையா நீங்கள்? சொல்லவே இல்லையே" என்றார். "சின்ன வயதில் கொஞ்ச நாள் இருந்தோம்" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பெரிய மனிதர்கள் கேட்க மாட்டார்கள், புரிந்துகொண்டுவிடுவார்கள்.

சுவரில் பதினொரு பெயர்கள் எழுதப்பட்டன. திறப்பு விழாப் படத்தை எனக்கு அனுப்பினார்கள். நானும் அதை நாலு பேருக்கு அனுப்பினேன்.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, காலையில் என் மனைவி பின்கட்டில் சாமி சாமான்களைப் பரப்பி வைத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா பக்கத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். என் அம்மா விட்டுப்போன பித்தளைச் செம்பு அவள் கையில் இருந்தது. அம்மா ஆசைப்பட்டுத் தலவாக்கலையில் அடிப்பாகத்தில் தன் பெயரை வெட்டுவித்து வாங்கிய செம்பு. அதைக் கவிழ்த்துப்போட்டு அடியை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.

"அடியில யாரு பாக்கப் போறாங்க? மேல தேச்சாப் போதாதா?" என்றேன்.

"சாமிக்கு வைக்கிறதுல முன்னுக்கு என்னா, பின்னுக்கு என்னா?" என்றாள், தலையைத் தூக்காமலே. "அரகொறையா கழுவி வைக்கவா சொல்றீங்க? ஒங்கம்மா பாத்தா என்னைய விட மாட்டாங்க."

செம்பை வாங்கிப் பார்த்தேன். அம்மாவின் பெயர் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. முதல் எழுத்தின் வளைவு மட்டும் இருந்தது. அதுவும் அங்கே ஒரு பெயர் இருந்ததென்று தெரிந்தவனுக்குத்தான் தெரியும். அந்த அம்மா முந்தானையில் முடிந்துகொண்டு போன பொத்தான் நினைவுக்கு வந்தது.

எந்தப் பட்டாளத்துக்காரனும் பொத்தானின் முதுகைத் தேய்க்க மாட்டான். ஆனால் எங்கள் ஆட்கள் தேய்ப்பார்கள். செத்துப்போனவரின் மிச்சமென்று ஒரே ஒரு பொருள் இருந்தால், அது சாமித் தட்டுக்குப் போய்விடும். போன பிறகு வெள்ளிக்கு வெள்ளி புளியும் சாம்பலும் போட்டு இரண்டு பக்கமும் தேய்த்து, துடைத்து, பொட்டு வைப்பார்கள். அந்த விளிம்பிலிருந்த சிவப்பு வட்டம் அழுக்கில்லை, குங்குமம். பின்பக்கத்து விளிம்பில் மடிப்பு இருந்தால்தான் குங்குமம் அங்கே வட்டமாகத் தங்கும். மடிப்பு இருந்தால் அது இரண்டு தகடு. இரண்டு தகடென்றால் அசல். என் கண்ணுக்கு முன்னாலேயே அசலென்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. சீமையில் உட்கார்ந்து புத்தகம் எழுதியவருக்கு இது தெரியாது, அவர்மேல் குற்றமில்லை. குங்குமத்தைப் பார்த்து அழுக்கு என்று நினைத்தவன் நான். என் அம்மா வெள்ளிக்கிழமைகளில் புளி கரைத்த கையோடு நின்றதை ஆயிரம் தடவை பார்த்து வளர்ந்தவன்.

அன்றைக்கே போயிருக்க வேண்டும். ஹட்டனிலிருந்து அரைநாளில் போய்த் திரும்பலாம். நான் போகவில்லை. மழை என்றேன். பண்டிகை நேரம், பஸ்ஸில் ஏற முடியாது என்றேன். மருமகன் வீட்டார் வருகிறார்கள் என்றேன். எல்லாம் சாக்கு. அந்தப் படிகளில் ஏறி, லயத்து வாசலில் நின்று, ஐம்பது பேர் முன்னால் சொன்னது தப்பு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். தீபாவளிக்குப் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு, பலகாரம் தின்றுகொண்டு, நன்றாகத்தான் இருந்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் தின்றேன்.

பண்டிகை முடிந்து மூன்றாம் நாள் போனேன். முதலில் தலைவரின் வீட்டுக்குப் போய், அங்கிருந்த நாலைந்து பேர் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பொத்தான் அசல் என்றேன். நான் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை என்றேன். நான் லயத்தில் பிறந்தவன், அதை அந்த அம்மா எல்லார் முன்னாலும் சொன்னதில் எனக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபத்தில்தான் எடுத்தெறிந்து பேசினேன் என்றும் சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சரிங்க சேர். நீங்க சொல்லிட்டீங்கள்ல, எழுதிருவோம். செவத்துல எடம் இருக்கு" என்றார் தலைவர். அவ்வளவு சுலபம். அன்றைக்கு அந்தப் பெயரைத் தள்ளியதும் என் ஒரு வார்த்தை, இன்றைக்கு எழுதப்போவதும் என் ஒரு வார்த்தை.

அந்த நல்ல செய்தியோடு, பாரம் பாதி இறங்கியவனாக, அந்த அம்மாவின் லயத்துக்கு ஏறினேன். வாசலில் உட்கார்ந்து விறகுச் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை.

"அக்கா, அந்தப் பொத்தான் அசல். நான் சொன்னது தப்பு. ஒங்கப்பா பட்டாளத்துக்குத்தான் போயிருக்காரு. தலைவர்கிட்ட சொல்லிட்டேன், பேர எழுதிருவாங்க. என்னைய மன்னிச்சிருங்க."

அவர் என்னையே பார்த்தார். "ரெண்டு பக்கமும் மழுங்கியிருக்குன்னீங்களே ஐயா?"

"நீங்க வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம தேச்சதாலதான். புளி போட்டுத்தானே தேப்பீங்க?"

"ஆமாங்க. அம்மா தேச்சாங்க, அம்மாவுக்கு அப்புறம் நான் தேச்சேன்." அவர் மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். "அய்யோ" என்றார்.

"கொண்டாங்க அக்கா, ஒருவாட்டி சரியாப் பாத்து எல்லாருக்கும் காட்டுறேன்" என்றேன்.

"அது இல்லீங்க." கையால் கீழே காட்டினார். "தீபாவளிக்கு மொத நாளு வரைக்கும் தட்டுலதான் இருந்துச்சு. படையல் போடயில கையில எடுத்தேன். பொய்ச் சாமான செத்தவங்களுக்கு முன்னுக்கு எப்படி வைக்கிறதுன்னு தோணுச்சு. கான்ல போட்டுட்டேன்."

அவர் காட்டிய பக்கம் ஓடினேன். லயத்துக்குப் பின்னால் போகும் வடிகால் கான் மழைத்தண்ணீரில் நிரம்பி, செம்மண் நிறத்தில் குதித்துக்கொண்டு கீழே ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கிக் கையை விட்டுத் துழாவினேன். கல்லும் இலையும் பிளாஸ்டிக் போத்தல் மூடிகளும் வந்தன. எவ்வளவு நேரமென்று தெரியாது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். நான் மனைவியின் பக்கத்தில் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற காலையில் அது சாமித் தட்டில் இருந்தது. மழை என்று சொன்ன நாளிலும் இருந்தது. பஸ்ஸில் கூட்டம் என்று சொன்ன நாளிலும் இருந்தது.

"ஏறுங்க ஐயா, வழுக்கிரும்" என்று அவர் வந்து நின்றார்.

ஏறினேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "என்கிட்ட இதே மாதிரி இருக்கு அக்கா. அதே சிங்கம், அதே காலத்துப் பொத்தான். நாளைக்கே கொண்டாந்து தர்றேன். தட்டுல வச்சுக்குங்க."

"அது எந்த ஊருல யாரோட அப்பா போட்டிருந்ததோ" என்றார். "அத வச்சு எங்கப்பாவுக்கு எப்படிக் கும்புடுறது?"

அவர் சொன்னதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய்ச் சாயத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து தந்தார். சேறு பூசிய கையோடு வாங்கிக்கொண்டேன். பேரையாவது நாளைக்கே எழுதச் சொல்கிறேன், பெரிய எழுத்தில் எழுதச் சொல்கிறேன் என்று நான் பேசிக்கொண்டே போனேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எழுதட்டுங்க, வேணாங்கல" என்றார் கடைசியில். "ஆனா பாருங்க, அன்னைக்கும் ஒங்க வார்த்தையத்தான் நம்புனாங்க, இன்னைக்கும் ஒங்க வார்த்தையத்தான் நம்புறாங்க. எங்கப்பா சொன்னத அவரு இருந்த காலத்துலயும் ஒருத்தரும் நம்பல. நான் ஒருத்திதான் நம்பிக்கிட்டு இருந்தேன். நானும் அவர விட்டுட்டு ஒங்கள நம்பிட்டேன்."